ஓட்டாண்டியின் தோரியம்

மலைமேல் இருந்த பழைய நிறமாலைக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலை கடைசியில் விளக்குக்காரர் தலையில்தான் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? முப்பத்தேழு வருடமாக அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "நீங்க வளர்த்த பிள்ளை, நீங்களே வழியனுப்பிடுங்க" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான்.

நட்சத்திரத்தின் ஒளியை வாங்கி, வானவில் மாதிரி விரித்து, அதில் எங்கெங்கே கறுப்புக் கோடு விழுகிறது என்று பதிந்து வைப்பது அந்தக் கருவியின் வேலை. இரும்புக்கு ஒரு வரிசைக் கோடுகள், தங்கத்துக்கு ஒரு வரிசை. கோடுகளைப் பார்த்தால் அந்த நட்சத்திரத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் கோடு சரியாக எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதற்குத்தான் விளக்கு. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே துளியூண்டு தோரியம். போட்டால் ஊதா நிறத்தில் எரியும். அந்த வெளிச்சத்தின் கோடுகள் எங்கே விழும் என்பது ஊரறிந்த விஷயம். அதைப் பக்கத்தில் வைத்து நட்சத்திரத்தை அளப்பார்கள். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டதால் அவர் விளக்குக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அவருடைய தங்கைதான் அந்தக் கருவியில் அதிகம் வேலை செய்தவள். பெரிய ஆராய்ச்சியாளர், அரங்கத்தில் அவள் பேச எழுந்தால் முன்வரிசையில் கைப்பேசிகள் உள்ளே போய்விடும். வயது ஐம்பத்து நான்கு. அண்ணனுக்கு இன்னும் பாப்பா. ஒருமுறை இயக்குநர் எதிரிலேயே "பாப்பா, ஸ்வெட்டர் போட்டியா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஸ்வெட்டரோடு வந்தாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் எல்லாம், "எனக்குத்தான் ஓட்டாண்டி இருக்கானே" என்பாள். ஓட்டாண்டி ஒரு நட்சத்திரம். அந்தப் பெயரை வைத்ததே அண்ணன்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், அவர் வீட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் கதை சொன்ன நாளில் வைத்தது.

"ஆரம்பத்துல உலகத்துல ரெண்டே ரெண்டு சரக்குதான் அண்ணி. ஹைட்ரஜன், ஹீலியம். இந்தக் கரண்டி கிடையாது, அண்ணனோட ஸ்பேனர் கிடையாது, உங்க காதுல கிடக்கிற தோடு கிடையாது. முதமுதல்ல பிறந்த நட்சத்திரம் எல்லாம் ராட்சசனுங்க. சூரியனைவிடப் பல மடங்கு கனம். கனம் கூடக் கூட ஆயுசு கம்மி. அவனுங்க வயித்துக்குள்ளதான் ஒண்ணொண்ணா வெந்துச்சு. கார்பன், ஆக்சிஜன், கடைசியா இரும்பு. இரும்பு வந்தா முடிஞ்சது கதை. இரும்பை எரிச்சு அடுப்பு நடத்த முடியாது. அடுப்பு அணைஞ்சதும் ஒரே நொடியில உள்ளுக்குள்ள இடிஞ்சு விழுந்துருவான்."

"அப்ப தோட்டுத் தங்கம் எங்கிருந்து வந்துச்சு?" என்று அண்ணி கேட்டாள்.

"அங்கதான் சண்டையே. இரும்பைவிடக் கனமானதுக்கெல்லாம் நியூட்ரான் மழையாக் கொட்டணும். செத்துப்போன நட்சத்திரத்தோட கரு ரெண்டு, ரொம்ப காலம் கழிச்சு மோதிக்கும்போதுதான் அது நடக்கும்னு ஒரு கட்சி. இல்ல, அந்த ராட்சசன் சாகிற நொடியிலேயே தங்கத்தையும் தோரியத்தையும் செஞ்சு வாரி இறைச்சுட்டுத்தான் போனான்னு இன்னொரு கட்சி. நான் இந்தக் கட்சி."

சாட்சி வேண்டுமே. அவள் கண்டுபிடித்த சாட்சி ஒரு சின்ன நட்சத்திரம். ஏதோ ஒரு ராட்சசன் வெடித்த சாம்பலில் பிறந்து, சிக்கனமாக எரிந்து, இன்றைக்கும் உயிரோடு இருப்பது. அவ்வளவு ஆதியில் பிறந்ததால் அதில் இரும்பே இல்லை என்று சொல்லலாம். "இரும்புக்கே வக்கில்லையா? சரியான ஓட்டாண்டியா இருப்பான் போல" என்றார் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த ஓட்டாண்டியின் மடியில்தான் பாப்பா தோரியத்தைக் கண்டாள். மற்ற கனத் தனிமங்கள் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன, அவை எப்படியும் வந்திருக்கலாம். தோரியம் மட்டும் அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. கருக்கள் மோதிக்கொள்ளக் காலமே ஆகாத அந்த ஆதியில் இவ்வளவு தோரியம் வந்ததென்றால், ராட்சசன் சாகும்போது கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். இதுதான் அவளுடைய வாழ்க்கை முழுவதும். பதினெட்டு வருடத்தில் பதினோரு கட்டுரை. ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றே: விளக்கைக் கவனித்துக்கொண்ட என் அண்ணனுக்கு நன்றி. கட்டுரையில் மற்றது எதுவும் அவருக்குப் புரியாது. கடைசி வரியை மட்டும் கண்ணாடி போட்டுப் படிப்பார்.

இனி அன்றைய காலைக்கு வருவோம்.

மற்ற பாகங்களுக்கெல்லாம் எண் எழுதி அடுக்கியாயிற்று. மிஞ்சியது விளக்குப் பெட்டி. செங்கல் அளவில் ஒரு கறுப்பு உலோகப் பெட்டி, முன்னால் ஒரு மூடி, அவ்வளவுதான். கிடங்குக்கு அனுப்பும் முன் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். பட்டறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார். எரிந்தது. 'எரிகிறது' என்று எழுதினார். மூடியைச் சாத்திவிட்டு அணைக்கக் கையை நீட்டியபோது எதிர்ச்சுவரில் ஒரு புள்ளி தெரிந்தது. கடுகு அளவு, ஊதா நிறம்.

கறை என்று நினைத்து விரலால் துடைத்தார். புள்ளி அவர் நகத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மூடிக்கு நான்கு திருகுகள். அதில் ஒன்றின் மரை தேய்ந்துபோய், திருகு பிடிக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பாப்பா முதல்முதலாக இந்தக் கருவிக்கு வந்த வாரத்தில் நடந்த கதை அது. புது மூடி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். இவர் திருகை எடுத்துவிட்டு அந்தத் துளையில் கறுப்புப் பசையை அடைத்து மேலே சாயம் பூசிவிட்டார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, பார்க்கவே இல்லை. விளக்குச் சூட்டில் பசை காய்ந்து, சுருங்கி, போட்ட சில நாளிலேயே உதிர்ந்துவிட்டிருக்க வேண்டும்.

முதலில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. துளை இருந்தால் என்ன, நட்சத்திரத்தைப் பதியும்போது விளக்கைத்தான் அணைத்துவிடுவோமே என்று நினைத்தார். அடுத்த நொடி பாப்பாவின் இரவுகள் நினைவுக்கு வந்தன.

விளக்கை அணைக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அணைத்த விளக்கை மறுபடி போட்டால் அது நிதானத்துக்கு வர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் நட்சத்திரம் வீண். தொலைநோக்கியில் பாப்பாவுக்குக் கிடைப்பதோ வருடத்துக்கு எட்டு இரவு. அந்த எட்டுக்காக மிச்ச வருடம் முழுக்கக் காத்துக் கிடப்பாள். அதிலும் பாதி மேகம் தின்றுவிடும். அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. மற்ற அத்தனை பேருக்கும் விதிப்படி விளக்கை அணைத்தார். தங்கைக்கு மட்டும் அணைக்காமல் மூடியைச் சாத்தி வைத்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வேண்டும்போது மூடியைத் திறந்தால் போதும். ஓர் இரவுக்கு மூன்று தடவை என்றால் முழுசாக ஒரு மணி நேரம் மிச்சம். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விதி பேசுவாள். "உன் கைராசிண்ணா, எனக்கு மட்டும் வேலை மளமளன்னு ஓடுது" என்று அவள் சொல்லும்போது மட்டும் மனசுக்குள் சிரித்துக்கொள்வார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே திருட்டு அதுதான்.

பதிவேட்டை எடுத்து வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். மற்றவர்கள் பெயருக்கு நேரே 'அணை', 'போடு', 'அணை' என்று நேரத்தோடு வரிசையாக அவர் கையெழுத்து. பாப்பாவின் நாட்களில் அந்தக் கட்டங்கள் காலி. பதினெட்டு வருடமும் அவர் கையெழுத்து அங்கே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு வருடமாக அவள் ஒரு சண்டையில் இருந்தாள். வேறொரு நாட்டுக் குழு, மிகப் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், ஓட்டாண்டியை இரண்டு முறை பார்த்துவிட்டு, அள்ளிக் கொட்டிய தோரியம் எதுவும் அங்கே இல்லை என்று எழுதினார்கள். இவள் விடவில்லை. பதிலுக்குப் பதில் எழுதினாள். போன வருடம் ஒரு கூட்டத்தில், "அவங்ககிட்ட பெரிய கண்ணாடி இருக்கு, என்கிட்ட என் அண்ணன் இருக்கார்" என்று சொன்னபோது அரங்கமே கைதட்டியது. பின்வரிசையில் நின்ற விளக்குக்காரருக்கு அன்றைக்கு இரண்டு கால்களும் தரையில் பாவவில்லை. இப்போது அந்தக் குழுவின் தலைவரே நேரில் வருகிறார். எட்டு நாளில் கூட்டம், முகத்துக்கு முகம் பேசித் தீர்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு நீண்ட நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கருவியைத்தான் கழட்டியாச்சே. அந்த ஓட்டையில ஒரு திருகைப் போட்டு அடைச்சு அனுப்பிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்னங்க? அவளுக்குன்னு வேற என்ன இருக்கு? புருஷனா, பிள்ளையா? அடிமடியிலேயே கை வைக்கப் போறீங்களா?"

மறுநாள் பட்டறையில், சரியான அளவில் ஒரு திருகைத் தேடி எடுத்தார். மரை வெட்டித் துளையில் முடுக்கியும் பார்த்தார். கச்சிதமாகப் பிடித்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. விளக்கைப் போட்டு, திரையை இழுத்து, மூடியைச் சாத்தினார். சுவரில் புள்ளி இல்லை. இப்படியே விட்டுவிடலாம். அந்த எண்ணம் அவரைப் பகல் முழுவதும் விடவில்லை, மறுநாளும் விடவில்லை. ஆனால் தங்கை அரங்கத்தில் நின்று, அண்ணனையே சாட்சிக்கு இழுத்து, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அடித்துச் சொல்லப் போகிறாள். அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அவரால் அது ஆகாது. திருகைக் கழற்றினார்.

சனிக்கிழமை காலை மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். சட்டைப் பையில் ஒரு ரப்பர் வாஷரும் இருந்தது. அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். அவள் தலையில் பென்சிலைச் செருகிக்கொண்டு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். உற்சாகமாக இருந்தாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வாண்ணா, வா. கேளு, இந்த இடத்துல கொஞ்சம் நக்கலா முடிக்கலாம்னு பார்க்கறேன், ரொம்ப ஓவரா இருக்குமா?"

"பாப்பா, உட்காரு."

"அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?"

"அண்ணி நல்லா இருக்கா. நீ உட்காரு."

மூடியை மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வழியில் யோசித்து வைத்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. அவள் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, துளை வழியாக வெளியே பார்த்தாள். பிறகு கேட்டாள். குரல் ஆய்வகத்துக் குரலாக இருந்தது.

"மத்தவங்க பதியும்போது?"

"அணைச்சிடுவேன்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"எனக்கு மட்டும்?"

"உனக்கு மட்டும்தான் பாப்பா. இருபது நிமிஷம் மிச்சமாகுமேன்னு."

அவள் மூடியைக் கீழே வைத்தாள். பென்சிலைத் தலையிலிருந்து எடுத்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் இரண்டு பட்டைகள் வரைந்தாள். யாருக்கோ சொல்வதுபோல் பேசினாள்.

"இது நட்சத்திரம். இது பக்கத்துல இருக்கிற வெறும் வானம். வெறும் வானத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், அதனால அதைத் தனியாப் பதிஞ்சு நட்சத்திரத்துலேர்ந்து கழிச்சிடுவோம். உன் புள்ளி இந்த வானத்துப் பக்கம் விழுந்திருக்கு. விளக்குல தோரியம் எங்க பளிச்சுன்னு இருக்கோ, கழிக்கும்போது நட்சத்திரத்துல அங்க பள்ளம் விழும். பள்ளம்னா கறுப்புக் கோடு. கறுப்புக் கோடுன்னா தோரியம் இருக்குன்னு அர்த்தம்." நிறுத்தினாள். "நாலு கோடுண்ணா. நாலும் ஒத்துப்போச்சுன்னு நான் எத்தனை பேர்கிட்ட பீத்திக்கிட்டேன். ஒத்துப்போகாம என்ன செய்யும்? நாலும் ஒரே விளக்கு."

"வேற யாராவது முன்னாடியே..."

"எனக்கு எப்பவும் ஒரே மாசத்துலதானே நேரம் குடுத்தாங்க. வேற மாசம்னா பூமி நகர்ற வேகத்துல நட்சத்திரத்தோட கோடெல்லாம் இடம் மாறியிருக்கும், இது மட்டும் மாறாம நின்னிருக்கும். அன்னைக்கே மாட்டியிருப்போம்."

திடீரென்று எழுந்து அலமாரியிடம் போனாள். பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் போட்டாள். பதினோராம் வருடத்து நோட்டு கையில் வந்ததும் நின்றவாறே புரட்டினாள். அந்த வருடம் அவருக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. எட்டு இரவில் கடைசி இரவு அவர் இல்லை, வேறொருவர் விளக்கைப் பார்த்துக்கொண்டார், விதிப்படி. அவள் ஒரு பக்கத்தைத் திறந்து அண்ணன் பக்கம் நீட்டினாள். படத்துக்கு ஓரத்தில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது: தோரியம் காணோம். அண்ணன் லீவு. பதிவு கெட்டுவிட்டது. சேர்க்க வேண்டாம்.

இரண்டு பேரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு வருடத்தில் சரியாகப் பதிந்த ஒரே இரவு அதுதான். அண்ணன் இல்லாததால் அவள் அதைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

"நான் திட்டு வாங்கத்தான் வந்தேன் பாப்பா. திட்டிடு."

அவள் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு தெரியுமா? நான் பார்த்தது நிஜத் தோரியம்தான். என்னைக்கோ எங்கேயோ ஒரு நட்சத்திரம் செஞ்சதுதான். அது ஓட்டாண்டிகிட்ட இல்ல, உன் விளக்குக்குள்ள இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப அந்த ராட்சசனுங்க... அவனுங்க செய்யலையா?"

"செஞ்சிருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுண்ணா." பிறகு மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். "பதினெட்டு வருஷம் கழிச்சு, எனக்குத் தெரியாது."

"வேற நட்சத்திரம் பார்க்கலாம் பாப்பா. வானத்துல அதுக்கா பஞ்சம்?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்குத் தான் பேசியதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. குழாயைச் சரிசெய்யாமலே அன்றைக்குக் கிளம்பிவிட்டார். அது தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. சண்டை பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை. அவள் மேடைக்கு வந்து நான்கு நிமிடம் பேசினாள். நான் கண்ட கோடுகள் நட்சத்திரத்தின் கோடுகள் அல்ல, என் கருவியின் விளக்கிலிருந்து கசிந்தவை. பதினோரு கட்டுரைகளையும் திரும்பப் பெறுகிறேன். விளக்கு எரிந்துகொண்டிருப்பதைச் சரிபார்க்காதது என் தவறு. என் தவறு என்றுதான் சொன்னாள். பின்வரிசையில் அவர் எழுந்திருக்கப் பார்த்தார். 'அவ இல்ல, நான்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். உண்மையில் பயந்துவிட்டார், அத்தனை தலைகளும் திரும்புமே என்ற பயம். வேறு நாட்டுக் குழுவின் தலைவர் மேடையேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும் என்றார். நல்ல மனிதர். அவர் அற்பனாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. ஓட்டாண்டிக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். அறையை மாற்றிக் கீழ்த்தளத்தில் ஒன்று கொடுத்தார்கள். பழைய அறையில் இருந்த ஜன்னல் இங்கே கிடையாது. வராந்தாவில் அவளைப் பார்த்தவர்கள் வழக்கத்தைவிட மரியாதையாக வணக்கம் சொன்னார்கள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் நகர்ந்தார்கள். மேலதிகாரி கூட அவளைக் கண்டால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். விளக்குக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன்கூட வந்து, 'நீதானய்யா காரணம்?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பார்.

திரும்பப் பெறும் அறிவிப்பு அச்சில் வந்தபோது அவர் ஓய்வு பெற்று மூன்று நாள் ஆகியிருந்தது. நூலகத்துக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தார். ஒரே பக்கம். வழக்கம்போல் கடைசி வரிக்குக் கண்ணை ஓட்டினார். அங்கே நன்றி இல்லை. மேலே போய், விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். 'விளக்கு' இருந்தது, 'மூடி' இருந்தது, 'ஆசிரியரின் கவனக்குறைவு' இருந்தது. அவர் எங்கேயும் இல்லை. காப்பாற்றியிருக்கிறாளா, வெட்டி எறிந்திருக்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. தாளை நான்காக மடித்து, வாஷர் கிடந்த அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவள் இளைத்திருந்தாள். மேசை காலியாக இருந்தது, துடைத்து வைத்த வெறும் மரம். அலமாரியின் நோட்டுகள் கயிறு போட்டுக் கட்டி மூலையில் கிடந்தன. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாத. உட்காரு."

தட்டை வைத்தாள். அவர் தாளை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார்.

"என் பேர் இல்லையே பாப்பா."

"இல்ல."

"தப்பு செஞ்சது நான். நல்லதுக்கெல்லாம் பேர் போட்ட. இதுக்கு மட்டும் ஏன் போடல?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் அவர் காலில்கூட விழுந்திருப்பார்.

"உன் பேரைப் போட்டா, ஏன் செஞ்சன்னும் எழுதணும். விதி தெரியும், மத்த எல்லாருக்கும் ஒழுங்காச் செஞ்சார், எனக்கு மட்டும் செய்யலைன்னு எழுதணும். ஏன்னு கேப்பாங்க. தங்கச்சிமேல பாசம்னு எழுதவா? எந்தப் பத்திரிகையில போடுவான் அதை?"

அவருக்குக் கண்ணீர் வந்தது. ஐந்து வயதுத் தங்கை படிக்கட்டில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்ட நாளுக்குப் பிறகு அவள் எதிரில் அவர் அழுதது இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகையை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல் இருக்க, அவர் எழுந்தார். பையிலிருந்து வாஷரை எடுத்தார். குழாயின் கழுத்தில் கை வைத்துவிட்டார்.

"விடுண்ணா."

"அஞ்சு நிமிஷ வேலை பாப்பா. வாஷர் கொண்டாந்திருக்கேன்."

"வேண்டாம். இனிமே எனக்குன்னு நீ எதுவும் செய்யாத."

மெதுவாகத்தான் சொன்னாள். சாப்பாடு ஆறுகிறது என்பதுபோலச் சொன்னாள். பிறகு உண்மையாகவே, "சாப்பாடு ஆறுது, வா" என்றாள்.

அவர் வாஷரைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிசைந்தார், சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை இருந்தாள். கிண்ணம் நிரம்பியதும் எழுந்து போய்க் கொட்டிவிட்டு, மறுபடி குழாய்க்குக் கீழே வைத்தாள்.